வில்பத்து: வனமும் குடிகளும்

இலங்கையின் வடமேற்கிலே, வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் தெற்கே கலா ஓயாவுக்கும் இடையே பரந்து கிடப்பது வில்பத்து வனம். 1905ஆம் ஆண்டிலே சரணாலயமாகவும், 1938ஆம் ஆண்டிலே தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பெற்ற இது, 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்புடையது.

புத்தளம்–அநுராதபுரம் வீதியிலிருந்து பிரிந்து உட்செல்வோரை எதிர்கொள்வது பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய உலர்ந்த காடு. திடீரென மரங்கள் விலக, வெண்மணற் கரையுடன் நீர்ப்பரப்பொன்று தோன்றும். மழைநீர் தேங்கும் இவ்வியற்கைத் தடாகங்களே வில்லுகள். வனத்தின் பெயரும் இவற்றால் வந்ததே என்பர். மாரியிலே பெருகும் வில்லு கோடையிலே சுருங்கும். அப்பொழுது மானும் மரையும் யானையும் எஞ்சிய நீரை நாடி வரும். மானைத் தேடிச் சிறுத்தையும் வரும். ஆதலால், கோடையிலே வில்லின் கரையிற் பொறுமையுடன் காத்திருப்போருக்கே வனம் தன்னைக் காட்டும்.

எனினும், இவ்வனம் ஆதிமுதல் மனிதர் வாடையறியாத காடன்று. மேற்குப் பகுதியிலுள்ள பொம்பரிப்பிலே, இறந்தோரின் எலும்புகளைத் தாழிகளில் இட்டுப் புதைத்த பண்டைய ஈமக்காடு ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அதனை அகழ்ந்தனர். அங்குள்ள தாழிகளும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை நினைவூட்டுவன என ஆய்வாளர் கண்டனர். கடலோரத்திலே செம்மண் மேடாக நிற்கிறது குதிரைமலை. உரோமர் ஒருவரின் ஆள் காற்றில் அலைப்புண்டு வந்து சேர்ந்ததாகப் பிளினி எழுதிய துறை இதுவே எனப் பலர் கருதுவர். அவர் கூறும் பெயரும் கிரேக்கத்திலே குதிரையைக் குறிக்கும் சொல்லை உட்கொண்டதே.

குடிகள் அகன்ற நிலத்தைக் காடு மூடிக்கொள்ளும் கதை பழங்காலத்தோடு முடியவில்லை. போர்க்காலத்திலே பல்லாண்டுகள் மூடப்பட்டிருந்த வனம், 2003ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்று, மீண்டும் மூடப்பட்டு, 2010ஆம் ஆண்டிலேதான் மறுபடி வழிவிட்டது. வனத்தின் வட எல்லைக்கு அப்பாலுள்ள முசலி ஊர்களிலிருந்து 1990ஆம் ஆண்டிலே வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்தபின் திரும்பியபோது, தாம் விட்டுச்சென்ற நிலத்திலே காடு வளர்ந்திருக்கக் கண்டனர். எது ஊர், எது காடு என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது.

மரத்தின் வயதைக் கொண்டு மட்டும் இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. வேலியின் பழமையைக் கொண்டு மட்டும் தீர்த்தலும் இயலாது. வில்லின் நீர் மானுக்கும் வேண்டும். மனிதரின் நினைவுக்கும் நிலம் வேண்டும். சிறுத்தையைக் காணச் செல்வோர், தாம் செல்லும் பாதையின் கீழே பழங்குடிகளின் தாழிகளும் உறங்குகின்றன என்பதை அறிந்து செல்வாராயின், அப்பயணம் வேட்கையோடு அறிவையும் நிறைப்பதாகும்.