கஞ்சி காய்ச்ச ஏன் முடியவில்லை? இங்கிலாந்து காலை உணவின் கதை

'இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பெரும்பாலும் ஹோட்டல் மெனுவில் பார்த்த அந்தப் பெரிய தட்டுதான். முட்டை, பேக்கன், சாசேஜ், தக்காளி சாஸில் ஊறின பீன்ஸ், வதக்கிய காளான், ஓரத்தில் டோஸ்ட்.

ஆனா ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில, வேலைக்கு ஓடுற ஒரு ஆங்கிலேயர் வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா அந்தத் தட்டு இருக்காது. ஒரு கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸோ வீட்டாபிக்ஸோ, மேலே குளிர்ந்த பால். இல்லன்னா ரெண்டு டோஸ்ட், அதன்மேல் வெண்ணெய், மார்மலேட். குளிர்காலம்னா ஓட்ஸ் கஞ்சி, அதாவது போரிட்ஜ். கூட ஒரு கப் டீ. அவ்வளவுதான். பெரிய தட்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறைக்கும்.

ஒரு நாடு உலகம் முழுக்கத் தன் பெயரில் ஒரு உணவைப் பிரபலமாக்கிவிட்டு, தினமும் வேறொன்றைச் சாப்பிடுவது ஏன்? இதுக்கு நாக்கு ருசியில் மட்டும் பதில் தேடினா கிடைக்காது. அடுப்பு யார்கிட்ட இருந்தது, நேரம் யார்கிட்ட இருந்தது, காசு யார்கிட்ட இருந்ததுன்னு பார்க்கணும். இந்த எபிசோடில் அதைத்தான் பேசப்போறேன்.

முதலில் பெரிய தட்டு. அது பணக்கார வீடுகளின் சொத்து. 1861இல் இசபெல்லா பீட்டன் வெளியிட்ட புகழ்பெற்ற வீட்டு நிர்வாக நூலில், காலை மேசைக்கு ஏற்றவையாக மீன், குளிர்ந்த இறைச்சி, பேக்கன், முட்டை என்று ஒரு நீண்ட வரிசையே வரும். விக்டோரியா காலத்து வசதியான வீடுகளில் 'கெட்ஜரி' என்ற பதார்த்தமும் காலை மேசையில் இருக்கும். சோறு, மீன், அவித்த முட்டை கலந்தது. பேரைக் கேட்டாலே தெரியும், இந்தியாவிலிருந்து போன கிச்சடிதான் அது. ஆனால் இதையெல்லாம் சமைக்க, வீட்டுக்காரர்கள் தூங்கி எழும் முன்பே எழுந்து அடுப்புக்கு நிலக்கரி போட ஒரு வேலைக்காரப் பெண் வேண்டும்.

அந்த வேலைக்காரப் பெண்ணின் சொந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள்? ரொட்டியும் டீயும்.

டீ ஒரு காலத்தில் பணக்காரர் பானம். 1784இல் பிரிட்டிஷ் அரசு தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதன்பிறகு ஏழை வீடுகளிலும் டீ சாதாரணமாகியது. கூடவே சர்க்கரையும். 1700 வாக்கில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 4 பவுண்டு எடை சர்க்கரைதான் செலவானது. 1800இல் அது சுமார் 18 பவுண்டு. 1900 வாக்கில் ஏறக்குறைய 90 பவுண்டு. முதல் நூறு வருஷக் கணக்கில் வரும் சர்க்கரையில் பெரும்பகுதி, கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது.

தேயிலைக்கும் ஒரு கதை உண்டு. அது நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. 1869இல் இலங்கையின் காபிச் செடிகளில் ஒரு இலை நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது காபித் தோட்டங்களை அழித்துவிட, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். லண்டன் தொழிலாளி காலையில் குடித்த கோப்பையில் அவர்கள் உழைப்பும் இருந்தது.

ரொட்டியும் டீயும் ஏன் ஜெயிச்சது? முந்தின நாள் வாங்கின ஆறிப்போன ரொட்டிதான். ஆனா சர்க்கரை போட்ட சூடான டீயோட சேர்ந்தா, அது ஒரு சாப்பாடு மாதிரி ஆயிடும். கெட்டில் ஒன்று கொதித்தால் போதும்.

இப்போ இந்தக் கதையில் எனக்கு ரொம்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1909. லண்டனின் லாம்பெத் பகுதி. மாட் பெம்பர் ரீவ்ஸ் என்ற பெண்ணும், அவரது ஃபேபியன் பெண்கள் குழுவும் அங்கே வீடு வீடாகப் போகத் தொடங்குகிறார்கள். வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்டு பணம், அதாவது இருபது ஷில்லிங் கூலியில் வாழும் குடும்பங்கள். இவர்கள் பரம ஏழைகள் அல்ல. குடும்பத் தலைவருக்கு வேலை இருக்கிறது. நான்கு ஆண்டுகள், அந்த வீடுகளின் வரவு செலவை அந்தத் தாய்மார்களைக் கொண்டே எழுதவைத்தார்கள். 1913இல் அது புத்தகமாக வந்தது.

அந்தக் கணக்குகளைப் பார்த்தா மனசு கனத்துப் போகும். கூலியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போகிறது. அடுத்து நிலக்கரி, விளக்கு. அப்புறம் வாரம் தவறாமல் சில பென்னிகள் ஒரு காப்பீட்டுக்கு. எதுக்குன்னு நினைக்கிறீங்க? குழந்தை இறந்தால் அடக்கம் செய்ய. இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் சாப்பாட்டுக்கு. காலையில் அப்பாவுக்கு ஒரு முட்டையோ, கொஞ்சம் பேக்கனோ, ஒரு மீனோ கிடைக்கும். அவர் உடம்பு விழுந்தால் வீடே விழும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ரொட்டி, மேலே மெல்லிசா மார்ஜரினோ ஜாமோ, கூட டீ.

அந்தக் காலத்து மேல்தட்டு மக்களுக்கு ஒரு பதில் தயாரா இருந்தது. 'இந்தப் பெண்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை. ஓட்ஸ் மலிவு, சத்தானது. ஏன் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கக் கூடாது?' என்று கேட்டார்கள்.

ரீவ்ஸ் இந்தக் கேள்வியை அந்தப் பெண்களிடமே கொண்டுபோனார். பிள்ளைகள் கஞ்சியைத் தொடவே மாட்டார்கள் என்றார்கள். ஏன் என்று தோண்டத் தோண்டக் காரணங்கள் வந்தன. வீட்டில் இருப்பதே ஒன்றிரண்டு பழைய பாத்திரங்கள். நேற்று மீன் வேகவைத்த அதே பாத்திரத்தில்தான் இன்று கஞ்சி. அன்றைய ஓட்ஸ் இன்றுபோல் ரெண்டு நிமிஷத்தில் வேகாது. ரொம்ப நேரம் பக்கத்திலேயே நின்று கிளறணும். கைக்குழந்தை அழும்போது விட்டுவிட்டுப் போனால் அடிபிடிக்கும். அவ்வளவு நேரம் எரிக்க நிலக்கரிக்கோ எரிவாயுவுக்கோ காசு வேண்டும். அப்புறம் பால்? நல்ல பால் வாங்க முடியாது. சர்க்கரையும் எண்ணித்தான் போடணும். தண்ணீரில் வெந்து, அடிபிடித்து, மீன் வாசம் வீசும் கஞ்சியை எந்தப் பிள்ளை குடிக்கும்?

ரொட்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சமைக்க வேண்டாம், தட்டு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம். பிள்ளை கையில் பிடித்துச் சாப்பிடும். ரீவ்ஸ் கண்டதைச் சுருக்கமாச் சொல்லணும்னா, அந்தப் பெண்களுக்கு அறிவு குறைவில்லை. குறைந்தது பாத்திரம், எரிபொருள், பால், பணம்.

ரீவ்ஸுக்கு முன்பே, வடக்கே பிராட்ஃபோர்டு நகரில் இதற்கு ஒரு சான்று கிடைத்திருந்தது. போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டது நாட்டையே அதிரவைத்தது. 1906இல், உள்ளாட்சிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. 1907இல் பிராட்ஃபோர்டு ஒரு சோதனை செய்தது. 40 ஏழைக் குழந்தைகளுக்குத் தினமும் காலை உணவும் மதிய உணவும். காலையில் என்ன தெரியுமா? அதே ஓட்ஸ் கஞ்சிதான். ஆனா பாலும் வெல்லப்பாகு போன்ற ட்ரீக்கிளும் சேர்த்து, சுத்தமான பாத்திரத்தில். முதல் நாள் சில குழந்தைகள் வேண்டாம் என்றார்கள். சீக்கிரமே எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். எடை போட்டுப் பார்த்தார்கள், கூடியிருந்தது. நடுவில் பள்ளி விடுமுறை வந்து சாப்பாடு நின்றதும் எடை இறங்கியது. இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

சரி, டப்பா சீரியல் எப்படி உள்ளே வந்தது? இப்போ விடை சுலபம். கெலாக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து வந்து 1938இல் மான்செஸ்டரில் தொழிற்சாலை திறந்தது. வீட்டாபிக்ஸ் 1932இல் நார்தாம்ப்டன்ஷயரில் தொடங்கியது. டப்பாவைத் திற, பாலை ஊற்று, சாப்பிடு. லாம்பெத் பெண்களைப் பாடாய்ப் படுத்திய அந்தப் பாத்திரமும் அடுப்பும் இதுக்குத் தேவையே இல்லை.

அப்புறம் இரண்டாம் உலகப்போர். 1940 ஜனவரியில் பேக்கன், வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. பேக்கன் ரேஷன் முற்றிலும் நீங்கியது 1954இல்தான். 1953இல் டெட்லி நிறுவனம் பிரிட்டனில் டீ பேக் விற்கத் தொடங்கியது. 1961இல் சார்லிவுட் என்ற ஊரில் உருவான முறையால் மெத்தென்ற வெள்ளை ரொட்டி வேகமாகவும் மலிவாகவும் வந்து குவிந்தது. பெண்கள் மேலும் மேலும் வெளிவேலைக்குப் போனார்கள். வார நாளில் நின்று பொரிக்க யாருக்கும் நேரமில்லை. பெரிய தட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கியது இப்படித்தான்.

கதை இன்னும் முடியலை. 2025 ஏப்ரலில் இங்கிலாந்து அரசு 750 பள்ளிகளில் இலவச காலை உணவு மன்றங்களைத் தொடங்கியது. அது பிராட்ஃபோர்டு சோதனை நடந்து 118 வருஷம் கழித்து. இன்றும் பசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அதனால, 'ஏழைங்க ஏன் சத்தானதா சாப்பிடக் கூடாது'ன்னு யாராவது சுலபமாச் சொன்னா, லாம்பெத் பெண்களை நினைச்சுக்கோங்க. அந்த வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கு, அடுப்பு எரிக்க யார் காசு கொடுப்பாங்கன்னு திருப்பிக் கேளுங்க. அடுத்த எபிசோடில் இன்னொரு கதையோடு சந்திப்போம்.