பெயரன், பேரன், (எ)

குமுளியில் தமிழர் ‘பேரன்’ என்பதை மலையாளிகள் ‘பேரமகன்’, ‘பேரக்குட்டி’ என்பார்கள். இரண்டிலும் முன்னால் நிற்பது பேர்தான். பெயரன் மருவிப் பேரன். பெயர்த்தி மருவிப் பேத்தி. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதே இந்த உறவுச்சொல்லின் பொருள்.

சொல்லுக்கு வயது அதிகம். நற்றிணையின் 40ஆம் பாட்டில், பரத்தையிடம் போயிருந்த தலைவன் நள்ளிரவில் ஓசைப்படாமல் வீடு வருகிறான். தன் தந்தையின் ‘பெயரன்’ பிறந்துவிட்டானே, வராமல் இருக்க முடியுமா? தாத்தாவின் பட்டம் பேரனுக்கு வரும்படி சோழர்களும் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடினார்கள். முதலாம் இராசராசன் இராசகேசரி, மகன் இராசேந்திரன் பரகேசரி, பேரன் இராசாதிராசன் மறுபடி இராசகேசரி. யாழ்ப்பாணத்திலோ தாத்தாவையே ‘பேரன்’ என்பதுண்டு. பெயரைக் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் ஒரே சொல்.

கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய குடும்பங்களில் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். முத்தையாவின் மகன் மு. கருப்பையா, அவர் மகன் க. முத்தையா, அவர் மகன் மறுபடி மு. கருப்பையா. தோட்டத்தின் பழைய செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) மு. கருப்பையா என்று கண்டால் அவர் தாத்தாவா பேரனா? பெயரை மட்டும் நம்பினால் இரண்டு ஆயுள் ஒன்றாகிவிடும். மனைவி பெயரையும் சொந்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார். ஆனாலும் இந்தச் சுழற்சியே நல்ல தடயம். பேரன் பெயர் தெரிந்தால், பெயர் தெரியாத பாட்டனை எந்தப் பெயரில் தேடுவது என்று ஊகிக்கலாம்.

கோட்டயம், பாலா பக்கமிருந்து மலைக்கு வந்த சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் கணக்கு இன்னும் கறார். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். பெண்பிள்ளைகளுக்கும் அதே வரிசையில் பாட்டிமார் பெயர். கூடவே வீட்டுப்பேரும் இருப்பதால் அவர்களுக்குத் தேடல் எளிது.

நம் வீடுகளில் வேறொரு முடிச்சு உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அதே பெயரை மகனுக்கு வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது? ‘ஐயா’, ‘பெரியவரே’ என்று தொட்டில் பிள்ளையை மரியாதையோடு அழைப்பாள். இல்லையென்றால் ‘ராசு’ என்று கூப்பிட்ட பெயர் ஊரில் நிலைத்து, பத்திரத்தில் ‘கருப்பையா என்கிற ராசு’ ஆகும், சுருக்கமாக (எ).

இந்த (எ)யை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கனடாவின் கியூபெக்கில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே ஏற்பாடு இருந்தது. 1665இல் அங்கே போய் இறங்கிய கரிஞான்–சாலியேர் படைப்பிரிவின் வீரர்களுக்குப் பட்டாளத்துப் பெயர் தனியாக உண்டு. குடும்பப்பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே தேவாலயப் பதிவேட்டில் ‘தி’ என்று எழுதுவார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல் நம் ‘என்கிற’வேதான். பிற்பாடு ஒரு கிளை முன்பெயரையும் மறு கிளை பின்பெயரையும் வைத்துக்கொண்டது. இரண்டையும் தேடாதவருக்கு அங்கே பாதிச் சொந்தம் கிடைக்காது. பையன்களுக்கு ஜோசப், பெண்களுக்கு மேரி என்று ஞானஸ்நானத்தில் முன்னொட்டாகச் சேர்ப்பதும் அவர்கள் வழக்கமாக இருந்ததால், ஒரே வீட்டில் நாலு ஜோசப் இருந்தார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பெயரிட்டு நன்றி சொல்வது ரத்த உறவையும் தாண்டியது. 1895இல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது எண்கணிதமும் நட்சத்திர எழுத்தும் பெயரை முடிவுசெய்கின்றன. தாத்தா பெயரை வைக்கும் வீடுகள் குறைந்துவருகின்றன. அதனால் வாரிசுச் சான்றுக்கும் பட்டாவுக்கும் நகல் எடுக்கும்போது (எ)க்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடாதீர்கள். வீட்டில் மூத்த பெண்கள் இருந்தால் எந்தப் பிள்ளையை ‘ஐயா’ என்று கூப்பிட்டார்கள், ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாமனார் பெயரை அவர்கள் இன்றைக்கும் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.