சீனப் பீங்கானில் அரபு எழுத்து

இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மலை வடிவிலான சிறு பீங்கான் பொருள் ஒன்று உள்ளது. எழுதுதூரிகையைச் சாய்த்து வைப்பதற்கானது. வெண்பீங்கான் மீதான நீலக் கொடிவேலைப்பாட்டின் நடுவே, ‘காமா தான்’ என்ற பாரசீகச் சொல் அரபு எழுத்தில் தீட்டப்பட்டுள்ளது. பேனாத்தாங்கி என்பது அதன் பொருள். அடியிலோ, மிங் வமிசத்து ஜெங்தெ பேரரசர் காலத்தில் (1506–1521) செய்யப்பட்டதென்று ஆறு சீன எழுத்துகள்!

அக்காலத்து மேசைத்திரைகள், பேழைகள் போன்றவற்றிலும் இவ்வாறே அரபு, பாரசீக வாசகங்களைக் காண்கிறோம். அரபு வணிகருக்காகச் செய்த ஏற்றுமதிச் சரக்கு என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆனால் பேரரசர் பெயர் தாங்கிய அம்முத்திரை அரண்மனைத் தொடர்பைக் காட்டுகிறது. இவற்றுள் பல, அரண்மனையில் பணியாற்றிய ஆண்மை நீக்கப்பட்ட முஸ்லிம் அலுவலர்களுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1405 முதல் பெருங்கப்பற்படையை நடத்திய ஜெங் ஹெ அவர்களும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அத்தகைய அலுவலரே.

ஜெங்தெ பேரரசரே இஸ்லாத்தைத் தழுவினார் என்று சிலர் கூறுவர். கேட்க நமக்கும் இனிக்கிறது. எனினும் அதை உறுதிசெய்யும் சான்று இல்லை. ஆகவே அதனை வரலாறாக இங்கே எழுத நாம் துணியவில்லை.

ஐயமின்றிச் சொல்லத்தக்கது வேறொன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட் நீலத்திற்குச் சீனர்கள் இட்ட பெயர் ‘ஹுய் சிங்’, அதாவது முஸ்லிம்களின் நீலம்.