மஞ்சள்காதுக் கிளியும் மெழுகுப்பனையும்

மஞ்சள்காதுக் கிளி, தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் முகில் படியும் காடுகளில் வாழும் ஒரு கிளியினம் ஆகும். நீண்ட வாலையும் சேர்த்து ஏறத்தாழ 42 செ.மீ. நீளம் கொண்டது. உடல் பச்சை, நெற்றியும் காதுப் பகுதியும் மஞ்சள். 1854-ஆம் ஆண்டு அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. ஒரு காலத்தில் கொலம்பியாவின் மூன்று மலைத்தொடர்களிலும் ஈக்வடோரின் வடபகுதியிலும் இது பரவலாகக் காணப்பட்டது.

இக்கிளியின் வரலாற்றை மெழுகுப்பனையின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. இரவில் அடைவதும், பட்டுப்போன அடிமரத்தின் பொந்தில் முட்டையிடுவதும் பெரும்பாலும் அப்பனையில்தான். அதன் கனிகளும் இதற்கு உணவாகின்றன. 60 மீட்டர் வரை வளரும் இம்மரமே உலகின் மிக உயரமான பனை. 1801-இல் கிந்தியோ மலைப்பாதையைக் கடந்த அலெக்சாண்டர் வான் அம்போல்ட்டும் எமே போன்பிளானும் இதைக் கண்டு வியந்து பதிவு செய்தனர். பின்னர் அடிமரத்தில் படியும் மெழுகைச் சுரண்டி மெழுகுவத்தி செய்தனர். காடுகள் அழிந்து மேய்ச்சல் நிலங்களாயின.

இவற்றோடு குருத்தோலை ஞாயிறும் சேர்ந்தது. ஊர்வலத்தில் ஏந்துவதற்கு இப்பனையின் இளங்குருத்துகள் ஆண்டுதோறும் வெட்டப்பட்டன. பனைக்கு வளரும் நுனி ஒன்றே. அது சிதைந்தால் மரம் பட்டுவிடும். கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த இளம்பனைகளே இதில் முதலில் அழிந்தன. பக்தியோடு செய்த செயல் என்பதால், இதைக் குற்றமாக யாரும் கருதவில்லை. 1985-இல் மெழுகுப்பனை கொலம்பியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டு, அதை வெட்டுவது தடை செய்யப்பட்டது. ஆயினும் வழக்கம் உடனே நிற்கவில்லை.

1990களின் இறுதியில் இக்கிளி அற்றுப்போயிருக்கலாம் என்றே அஞ்சப்பட்டது. ஈக்வடோரில் எஞ்சியிருந்த சிறு கூட்டமும் மறைந்துவிட்டது. இந்நிலையில், 1999 ஏப்ரலில் கொலம்பியாவின் தொலிமா பகுதியில் 81 கிளிகள் கொண்ட கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. புரோஆவெசு என்னும் அமைப்பு காவல் பணியைத் தொடங்கியது. கூடுகள் கண்காணிக்கப்பட்டன, செயற்கைக் கூடுகள் பொருத்தப்பட்டன, பனங்கன்றுகள் நடப்பட்டன. இவற்றைவிடக் கடினமான பணி, ஊர்மக்களையும் பாதிரியார்களையும் இணங்கச் செய்ததே எனலாம். திருவிழாவை நிறுத்தும்படி யாரும் கேட்கவில்லை. வேறு தாவரங்களின் ஓலைகளைப் பயன்படுத்தும்படியே வேண்டினர். கத்தோலிக்கத் திருச்சபையும் அதற்குத் துணைநின்றது. பின்னர் அந்தியோக்கியா பகுதியின் கார்தின் ஊரருகேயும் இக்கிளிகள் அறியப்பட்டன. இன்று இவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மிக அருகிய இனம் என்ற நிலையிலிருந்து இவ்வினம் மீண்டுள்ளது.

மரத்தின் நிலை வேறு. மெழுகுப்பனையின் கன்று காட்டு நிழலில்தான் பிழைக்கும். அடிமரம் எழும்பவே பல பத்தாண்டுகள் ஆகும். சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் கோக்கோரா பள்ளத்தாக்கில் மேய்ச்சல் புல்லின் நடுவே தனித்தனியாக நிற்பவை பெரும்பாலும் பழைய காட்டில் முளைத்த முதிய பனைகளே. அவற்றின் அடியில் முளைக்கும் கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிடுகின்றன. எஞ்சியவை வெயிலில் கருகுகின்றன.