தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய அஞ்சாலை மீன்

சிரம்பான்: கடலூர்க் கடலில் பிடிபட்ட ஒரு சிறிய அஞ்சாலை மீன், அறிவியல் உலகில் தமிழ்நாட்டின் பெயரோடு பதிவாகியுள்ளது. 'ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுஎன்சிஸ்' என்பது அதன் பெயர். பரமசிவம் கொடீஸ்வரன், அஜித்குமார், குல்தீப் குமார் லால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இம்மீனைப் புதிய இனமாக 2023-இல் ஆய்விதழ் ஒன்றில் விவரித்தனர்.

கடலூர் பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலருக்கு அந்தக் கரை பாட்டன் ஊர்க் கரை.

எங்கே கிடைத்தது?

பரங்கிப்பேட்டைக்கு அருகிலுள்ள முடசல் ஓடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த 4 மீன்களே ஆய்வுக்கு அடிப்படை. மிகச் சிறியது 27 சென்டிமீட்டர், பெரியது 49 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அஞ்சாலைகளில் சில இனங்கள் ஆள் உயரத்தையும் தாண்டும் என்பதால், இது சிறிய இனமே.

எப்படி அடையாளம் காண்பது?

உடல் பழுப்பு நிறம். பெரிய வரியோ திட்டோ இல்லை. தலையில் சிறு கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். உடலின் நடுப்பகுதியில் ஒரே வரிசையாகப் புள்ளிகள் ஓடும். கீழ்த்துடுப்பு கறுத்து, ஓரம் மட்டும் வெளுத்திருக்கும். பற்கள் ரம்பம் போன்றவை. முதுகெலும்புக் கணுக்கள் 139 முதல் 150 வரை. பழுப்பு அஞ்சாலைகள் ஒன்றுபோலத் தோன்றுவதால், கணுக்களை எண்ணுவதோடு மரபணுவையும் ஒப்பிட்டுத்தான் இது தனி இனம் என்று உறுதி செய்தனர்.

அஞ்சாலை என்றால் என்ன?

பார்ப்பதற்குப் பாம்பு போல இருந்தாலும் அஞ்சாலை மீன்தான், விலாங்கின் உறவு. செதிலும் பக்கத் துடுப்பும் கிடையாது. பகலில் பாறை இடுக்கிலும் பவளப் பொந்திலும் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். வாயைத் திறந்து திறந்து மூடுவது சீற்றமன்று. அது மூச்சு விடும் முறை. அதன் தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. முன்வாய் இரையைக் கவ்வியதும், உள்தாடை முன்னே வந்து இரையைப் பற்றி உள்ளே இழுக்கும். இதை 2007-இல்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

பெயர் ஏன் முக்கியம்?

பெயர் இல்லாத உயிரினத்தைக் கணக்கெடுக்க முடியாது. அது குறைகிறதா, அழிகிறதா என்பதும் தெரியாது. 'என்சிஸ்' என்ற விகுதி 'இந்த இடத்தைச் சேர்ந்தது' என்று பொருள்படும் லத்தீன் வழக்கு. விசாகப்பட்டினத்தின் பெயரால் ஓர் அஞ்சாலைக்கு 2017-இல் பெயர் வைத்ததும் இவ்வாறே.

ஆபத்தும் இங்கேதான் உள்ளது. இழுவலையில் நண்டு, இறாலோடு சேர்ந்து வரும் சிறு மீன்களுக்குச் சந்தையில் விலை இல்லை. நம் நாட்டில் இவற்றை 'இக்கான் பாஜா', அதாவது உர மீன் என்பார்கள். தீவனத்துக்கும் உரத்துக்கும் போகும் அந்தக் குவியலில் இன்னும் பெயர் பெறாத இனங்கள் இருக்கக்கூடும். முடசல் ஓடையில் இறங்கிய மீன்களை ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்ததால்தான் இந்த இனம் தெரியவந்தது.

போர்ட்டிக்சனில் தூண்டில் போடுவோருக்கு

தஞ்சோங் துவான் பகுதியில் பவளப் பாறைகள் உண்டு. அத்தகைய இடங்களே அஞ்சாலைகளுக்கு ஏற்றவை. தூண்டிலில் அஞ்சாலை சிக்கினால் கையால் பிடிக்க வேண்டாம். கடி ஆழமாகப் பதியும். பார்த்திராத மீன் எதுவானாலும் அருகில் அளவுகோல் வைத்து, தலை, துடுப்பு, முழு உடல் தெரியும்படி படம் எடுத்து, பிடித்த இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளலாம். மீன்வளத் துறையிடமோ, தெலுக் கெமாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக நீர்வாழ் உயிரின ஆய்வுக் கழகத்திடமோ விவரம் கேட்கலாம்.

கடல் அறிவியல் பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: இந்த ஆய்வு தொடங்கியது ஆழ்கடலில் அன்று, கரையில் கொட்டிய மீன் கூடைகளில்.