வாடையோடு வரும் விருந்தினர்

ஐப்பசியில் காற்றுத் திரும்பி வாடை வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வளவுகளில் ஒரு குரல் கேட்கும். விடியலிலும் மாலை மங்கும் வேளையிலும் கூவுவதால் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. நெடும் பயணத்தின் களைப்பில் சுவரிலோ யன்னலிலோ மோதி முற்றத்தில் மயங்கிக் கிடப்பதும் உண்டு.

அக்குரலை முதன்முதலாகக் கேட்ட நாளை என் பேரனார் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலாற் குறித்து வைப்பார். 1995 ஒக்டோபர் இறுதியில், குருவிகள் வந்துகொண்டிருந்த அதே பருவத்தில், நாங்கள் ஊரைவிட்டு வெளியேறினோம். திரும்பி வந்தபோது வீட்டிற் கூரையும் இருக்கவில்லை; பஞ்சாங்கக் கட்டும் இருக்கவில்லை.

வலசைப் பறவைகளை நம்மவர் அறியாதிருந்தனர் என்று எவரும் சொல்ல முடியாது. குமரியிலிருந்து வடதிசை ஏகும் நாரையை மனைவிக்குத் தூது விடுத்த சத்திமுற்றப் புலவர், அப்பறவையின் பயணத் திசையை அறிந்தே பாடினார். ஆனால், எந்த ஆண்டு, எந்த நாள், எத்தனை பறவைகள் என்று எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அதனைச் செய்தவர்கள் பிறநாட்டவரே.

1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்த எட்கார் லெயார்ட், வடபகுதியிலும் பறவைகளைச் சேகரித்து, 1853, 1854ஆம் ஆண்டுகளில் தமது குறிப்புகளை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த பீரங்கிப் படை அதிகாரி வின்சன்ட் லெக், 1868 முதல் 1877 வரை இங்கு பணியாற்றி, 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். அக்காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் பெரும்பாலும் அதனைச் சுட்டு வீழ்த்துவதே. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட வழிகாட்டி நூலோ உயிருள்ள பறவையைப் பார்த்து இனங்காணச் சாதாரண வாசகனுக்கும் கற்றுக்கொடுத்தது.

லெக்கின் நூலிற் பறவைகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. அப்பெயர்களை ஊர்மக்கள் வாயிலிருந்தே அவர் பெற்றிருக்க வேண்டும். சேற்றில் இறங்கி வழிகாட்டியவனும், குரலைக் கேட்டே இன்ன பறவை என்று சொன்னவனும் நம்மவராகவே இருந்திருப்பர். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

எங்கள் வளவுக்கு அப்பால், வயல்வெளிகளிலும் கடல்நீரேரிகளிலும் வேறொரு கூட்டம் வந்திறங்கும். ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகள், மூக்கன்கள் என ஆயிரக்கணக்கில் வரும். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனையிறவை அண்டிய அந்நிலம் பின்னர் போர்க்களமாயிற்று. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியபோது இங்கு போர் மூண்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2009 வரை வடக்கின் பெரும்பகுதிக்குள் பறவை எண்ணுவோர் நிம்மதியாக நுழைய முடியவில்லை. பறவைகள் வந்தன, போயின. ஏட்டில் அந்த ஆண்டுகள் பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளன.

அந்த வெறுமைக்கு இன்று விலை உண்டு. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2015இல் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாயிற்று. 2020இல் மன்னார்த் தீவில் முப்பது காற்றாலைகள் எழுந்தன. பறவைகளின் வான்வழி குறித்த சர்ச்சையும் கூடவே எழுந்தது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிற் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி, அவை ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை செல்வதைக் கண்டறிந்தனர். ஆயினும் பறவைகள் குறைந்தனவா, பாதை மாறினவா என்று அறிய, முன்பு எத்தனை வந்தன என்ற கணக்கு வேண்டும். அக்கணக்கிற்தான் நமக்குப் பெரும் இடைவெளி.

என் பேரனாரின் பென்சிற் குறிப்புகள் இருந்திருந்தால் ஒரு வளவின் கதையையேனும் சொல்லியிருக்கும். இப்பொழுது நானும் பஞ்சாங்கம் வாங்குகிறேன். நாள் பார்ப்பது குறைவு. அதன் ஓரம் எனக்குத் தேவைப்படுகிறது. ஊரில் வளவு உள்ள வாசகர்கள் இவ்வாண்டு அக்குரல் கேட்ட நாளை எங்காவது எழுதி வையுங்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்போர், முன்னர் கேட்ட நினைவு எஞ்சியிருந்தால் அதையும் எழுதுங்கள்.