அருகிருக்கும் ஆசிரியர்

மாணவர் ஒருவர் தாமே தலைப்பைத் தேர்ந்து, ஆய்ந்து எழுதும்போது ஆசிரியர் எங்கே நிற்பது?

1896-இல் சிகாகோவில் ஜான் டூயி நிறுவிய பள்ளியில் சிறுவர் சமைத்தும் நெய்தும் கற்றனர். 1918-இல் வில்லியம் கில்பாட்ரிக், மாணவர் முழுமனத்துடன் மேற்கொள்ளும் செயலே கல்விக்கு அடிப்படை என்று ‘செயல்திட்ட முறை’யை விளக்கினார். ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வதே மாணவரின் உரிமை எனச் சிலர் பொருள் கொண்டனர். 1938-இல் டூயி இதனை மறுத்தார்: தம் முதிர்ந்த அறிவை ஆசிரியர் ஒளித்துவைப்பதும் தவறு, திணிப்பதும் தவறு.

இன்று பன்னாட்டு பக்காலோரியா பள்ளிகளில், 4000 சொற்களுக்கு மிகாத மாணவர் கட்டுரையின் ஒரு வரைவுக்கே வழிகாட்டி கருத்துரைக்கலாம், திருத்தி எழுதலாகாது.

நானோ, இளைஞர் ஒருவரின் கட்டுரையைத் திருத்தித் திருத்தி என்னுடையதாக்கிவிட்டேன். அது பரிசு பெற்றது, அவர் மகிழவில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க நான் அன்று கற்றிருக்கவில்லை.